ஏற்றத்தில் மட்டும் ‘டக்’ என்கிறது: சைக்கிள் சத்தத்தை எப்படிப் பிடிப்பது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கிருஷ்ணகிரிக்காரர். இரண்டு வருடமாக ஓட்டும் கியர் சைக்கிள், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. காலையில் ராயக்கோட்டை சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்புகிறார். சமதரையில் தொந்தரவு இல்லை. ஏற்றம் வந்து, கியரைக் குறைத்து அழுத்தி மிதித்தால் பெடலுக்கு நடுவிலிருந்து ‘டக்… டக்…’ என்று சத்தம். கடையில் பி.பி. (பாட்டம் பிராக்கெட், அதாவது இரண்டு பெடலுக்கும் நடுவில் சுழலும் அச்சும் அதன் பேரிங்கும்) போய்விட்டது என்று சொல்லிப் புதிது போட்டார்கள். காசு போனதுதான் மிச்சம், சத்தம் அப்படியே இருக்கிறது. நடுவில் ஒருநாள் நல்ல மழையில் நனைந்துகொண்டே வீடு வந்து சேர்ந்தாராம். அதற்கப்புறம் இரண்டு நாள் சத்தமே இல்லை, மூன்றாம் நாள் திரும்ப வந்துவிட்டது. “இன்னொரு பி.பி. போட்டுப் பார்க்கட்டுமா, இல்லை சைக்கிளையே தள்ளிவிடட்டுமா?” என்கிறார்.

இரண்டும் வேண்டாம். மழையைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி சொன்னீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. அதற்கு வருகிறேன். அதற்குமுன் கடைக்காரர் எங்கே சறுக்கினார் என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் நீங்களும் நானும் அதே இடத்தில்தான் சறுக்குவோம்.

சத்தம் பெடலுக்கு நடுவில் கேட்கிறது, ஆகவே கோளாறும் அங்கேதான் என்று எடுத்துக்கொண்டார். ஆனால் சைக்கிள் ஃபிரேம் முழுக்க உள்ளே காலியான குழாய். சீட்டைத் தாங்கும் குழாய், ஹேண்டில் பக்கத்திலிருந்து சரிந்து வரும் குழாய், பின்சக்கரத்திலிருந்து வரும் இரண்டு குழாய்கள், எல்லாம் வந்து முட்டும் சந்திதான் பி.பி. உட்காரும் கூடு. தருமபுரி நாலு ரோட்டில் நின்றால் எல்லா ஊர் பஸ் சத்தமும் கேட்கும். அதற்காக எல்லா பஸ்ஸும் அங்கேயே புறப்பட்டதாகிவிடாது. சீட்டுக்கு அடியில் வரும் ‘டக்’ குழாய் வழியாக இறங்கி, நம் கால் அழுத்தும் அதே நொடியில் கீழே கேட்கும். கால் அங்கே இருப்பதால் மனதும் அங்கேயே போகிறது.

பாலக்கோட்டில் என் மாமா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறை முழுக்க எனக்கு அங்கேதான், பஞ்சர் ஒட்டுவதும் பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி எண்ணி வைப்பதும். யாராவது சைக்கிளைக் கொண்டுவந்து “இங்கதான் சத்தம் வருது” என்று விரலை நீட்டினால் மாமா அந்த விரலைப் பார்க்கவே மாட்டார். “எங்க வருதுன்னு நான் பாத்துக்கறேன், எப்ப வருதுன்னு சொல்லு” என்பார். மிதிக்கும்போதா, சும்மா உருளும்போதா? ஒரு சுத்துக்கு ஒருதரமா, ரெண்டுதரமா? உட்கார்ந்திருக்கும்போதா, எழுந்து நின்று மிதிக்கும்போதா? பதில் தெரியாவிட்டால் “போய் எண்ணிட்டு வா” என்று சைக்கிளோடு திருப்பி அனுப்பிவிடுவார். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு. ஆனால் அவர் தேவையில்லாமல் ஒரு பாகத்தை மாற்றி நான் பார்த்ததில்லை.

சரி, எண்ணுவது எப்படி? பெடல் ஒரு முழுச் சுற்று வருவதற்குள் ஒரே ஒரு ‘டக்’, அதுவும் எப்போதும் கால் அதே நிலையில் இருக்கும்போது வந்தால் பெடல், பெடலைத் தாங்கும் கை போன்ற கிராங்க், முன்னால் இருக்கும் பல்சக்கரமான செயின்வீல், பி.பி. இவற்றைச் சந்தேகப்படலாம். ஒரு சுற்றுக்கு இரண்டு, அதாவது இடதுகால் அழுத்தும்போது ஒன்று, வலதுகால் அழுத்தும்போது ஒன்று என்றால், உடம்பு இப்படியும் அப்படியும் சாயும்போது அழுந்தி விடுபடும் எதுவாகவும் இருக்கலாம்: சீட், அதைத் தாங்கி ஃபிரேமுக்குள் நுழையும் சீட் பில்லர், ஹேண்டில், பின்சக்கர அச்சு. மிதிப்பதை நிறுத்தியும் சக்கரத்தோடு சேர்ந்து வந்துகொண்டே இருந்தால் சக்கரம். ஃப்ரீவீலின் ‘கிர்ர்’ என்ற சத்தத்தை இதில் சேர்க்காதீர்கள். அது உள்ளே இருக்கும் கொக்கிகள் பல்லின்மேல் தாவித் தாவிப் போகும் சத்தம், இருக்கவேண்டிய சத்தம். பெடலோடும் ஒட்டாமல், சக்கரத்தோடும் ஒட்டாமல், மூன்று மிதிக்கு ஒருமுறை வாக்கில் வந்தால் செயினில் ஏதோ ஒரு கண்ணி இறுகிக் கிடக்கிறது. செயினில் 116 கண்ணி, மாட்டியிருக்கும் செயின்வீலில் 38 பல் என்றால் அந்தக் கண்ணி ஒரு முழுச் சுற்று வர மூன்று மிதி ஆகும், அவ்வளவுதான் கணக்கு. பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றி, பின்னால் தொங்கும் குட்டிச் சக்கரங்களைக் கவனித்தால், அந்தக் கண்ணி வரும்போது மட்டும் செயின் மடங்காமல் ஒரு துள்ளு துள்ளும். இரண்டு கையாலும் செயினைப் பிடித்து அந்த இடத்தைப் பக்கவாட்டில் நாலுதரம் வளைத்துவிட்டு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

உங்கள் விஷயத்தில் எண்ணுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏற்றத்தில் நீங்கள் போடும் கியரில் முன்னால் 28 பல், பின்னாலும் 28 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடல் ஒரு சுற்று வந்தால் சக்கரமும் ஒரே சுற்றுதான். அப்போது பெடல் சத்தம் எது, சக்கரச் சத்தம் எது என்று யாராலும் பிரிக்க முடியாது. சமதரைக்கு வாருங்கள், முன்னால் பெரியது, பின்னால் சின்னது என்று கனமான கியர் போடுங்கள், பின் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே அழுத்தி மிதியுங்கள். ஏற்றத்தின் பாரம் காலுக்கு வந்துவிடும். 48-க்கு 16 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் மூன்று சுற்று. சத்தம் மிதிக்கு மூன்றாகப் பெருகினால் சக்கரத்தைப் பாருங்கள். பெருகாமல் நின்றால் சக்கரத்தை மறந்துவிடலாம்.

இப்போது மழைக்கு வருவோம். பால்ரஸ் தேய்ந்திருந்தாலோ அது உருளும் கப்பில் குழி விழுந்திருந்தாலோ மழை அதைக் குணப்படுத்தாது. தண்ணீர் உள்ளே போனால் இன்னும் கெடும். ஆனால் கிரீஸ் இல்லாமல் உலோகமும் உலோகமும் உரசிக்கொண்டிருக்கும் ஓர் இடுக்கில் தண்ணீர் புகுந்தால், காயும்வரை அதுவே எண்ணெய் மாதிரி வேலை செய்யும். காய்ந்ததும் சத்தம் திரும்பும். ஆகவே உங்கள் சைக்கிளில் எதுவும் தேய்ந்து போகவில்லை, ஏதோ ஒன்று காய்ந்து போயிருக்கிறது. மழைநீர் சுலபமாக இறங்கும் இடமாகவும் அது இருக்கவேண்டும். பின்சக்கரத்துக்கு மட்கார்ட் இல்லாத கியர் சைக்கிளில் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் நேராகப் போய் விழுவது சீட் பில்லர் ஃபிரேமுக்குள் நுழையும் வாயில்தான். என் பணத்தை முதலில் அதன்மேல் வைப்பேன்.

சோதிப்பது எளிது. சத்தம் வரும் ஏற்றத்தில் சீட்டை விட்டு எழுந்து நின்று பத்து மிதி மிதியுங்கள். சத்தம் நின்றால் சீட் அல்லது பில்லர். நிற்கவில்லை என்றால் அவை இரண்டும் இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: எழுந்து மிதிக்கும்போது ஹேண்டிலை இழுப்பீர்கள், அதனால் ஹேண்டில் பக்கமிருந்து புதிதாக ஒரு சத்தம் கிளம்பலாம். அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பில்லரைக் கழற்றும்முன் உயரம் தவறாமலிருக்க அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். கழற்றினால் பில்லரில் சாம்பல் நிறக் கோடுகளும், குழாய்க்குள் நம்மூர்ச் செம்மண்ணும் இருக்கும் என்று எழுதித் தருகிறேன். பழைய துணியைக் குச்சியில் சுற்றிக் குழாய் உள்ளே நன்றாகத் துடையுங்கள். பில்லரையும், இறுக்கும் கிளாம்பின் உள்பக்கத்தையும், அதன் போல்ட்டின் மரையையும் துடையுங்கள். பிறகு மெல்லிய பூச்சாக கிரீஸ். அலுமினியம், இரும்பு பில்லர் எதுவானாலும் கிரீஸ் போடலாம். கார்பன் பில்லர் என்றால் மட்டும் சாதாரண கிரீஸ் கூடாது, அதற்கென்று தனிப் பசை விற்கிறது. பில்லரில் பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கோடு குழாய்க்குள் போயிருக்கவேண்டும். அப்படியே சீட்டின் அடியில் இருக்கும் இரண்டு கம்பிகளையும் பில்லரின் தலை கவ்வும் இடத்தையும் கழற்றித் துடைத்து, ஒரு துளி கிரீஸ் வைத்து இறுக்குங்கள். அரைமணி நேர வேலை, செலவு ஒன்றுமில்லை.

அதற்கும் மசியவில்லை என்றால் பெடல் பக்கம் போகலாம். ஒரே காலால் மிதித்துப் பாருங்கள், முதலில் வலதுகால் மட்டும், அப்புறம் இடதுகால் மட்டும். ஒரு காலுக்கு வந்து இன்னொன்றுக்கு வராவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெடல் கிராங்கில் நுழையும் மரை காய்ந்திருப்பது அடிக்கடி நடப்பது. 15 மி.மீ. ஸ்பேனர் வேண்டும். இடது பெடலுக்கு எதிர் மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் இறுகும் மரை என்பது பலருக்கும் தெரியும், ஆனால் சைக்கிள் முன்னால் குனிந்ததும் எது எதிர், எது நேர் என்று மறந்துவிடும். நான் நினைவில் வைத்திருப்பது இதுதான்: ஸ்பேனர் மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, பின்சக்கரம் பக்கம் தள்ளினால் எந்தப் பெடலும் கழலும், முன்சக்கரம் பக்கம் தள்ளினால் எந்தப் பெடலும் இறுகும். துடைத்து, மரையில் கிரீஸ் தடவி, கையாலேயே முதலில் நாலு சுற்று நுழைத்துவிட்டு அப்புறம் ஸ்பேனர் போடுங்கள். ஸ்பேனரிலேயே ஆரம்பித்தால் மரை கோணலாக ஏறி கிராங்கே வீணாகும்.

கிராங்க் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். பி.பி. மாற்றும்போது உங்கள் இரண்டு கிராங்கையும் கழற்றி மாட்டியிருப்பார்கள். சதுர அச்சில் ஏறும் கிராங்க் என்றால், அதன் நடு போல்ட்டை 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் (திருகும் விசையின் அளவு) வரை இறுக்கவேண்டும். அதை அளக்கும் கருவி எல்லாம் நம்மிடம் ஏது? ஒரு சாண் நீளக் கைப்பிடியின் நுனியில் 20 கிலோ எடையைத் தொங்கவிட்டது மாதிரி அழுத்தினால் ஏறக்குறைய 44 வரும், போதும்.  இடது கிராங்க்தான் அதிகம் தளரும். தளர்ந்த கிராங்கோடு “வீடு போய்ப் பார்த்துக்கலாம்” என்று பத்துக் கிலோமீட்டர் ஓட்டினால், இரும்பு அச்சு அலுமினியக் கிராங்கின் சதுரத் துளையைத் தின்றுவிடும். அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நாலு நாளில் தளரும். அந்தக் கிராங்கை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

செயின்வீலை கிராங்கோடு பிடிக்கும் குட்டி போல்ட்டுகள் நாலோ ஐந்தோ இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றி, கிரீஸ் வைத்து இறுக்குங்கள். விலை குறைந்த சைக்கிளில் போல்ட்டுக்குப் பதில் ரிவெட் அடித்திருப்பார்கள், அங்கே ஒரு சொட்டு எண்ணெய் விடுவதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது.

பி.பி.யைப் புதிதாகப் போட்டவர் கூட்டின் மரையைத் துடைத்து கிரீஸ் வைத்தாரா என்று கேட்டுப் பாருங்கள். புது பி.பி.யைப் பழைய தூசியோடு காய்ந்த மரையில் ஏற்றினால் புதிதும் கத்தும். அதைக் கழற்ற ஒரு சாவி இருக்கிறது, கடையில்தான் செய்யவேண்டும். வலது பக்கம், அதாவது செயின் பக்கத்து மரை பெரும்பாலான நம் சைக்கிள்களில் எதிர் மரை. தெரியாதவர் முரட்டுத்தனமாகத் திருப்பினால் ஃபிரேமே போகும். கிரீஸ் போட்டும் கத்தினால், பிளம்பர்கள் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை மரையில் இரண்டு சுற்று சுற்றி ஏற்றச் சொல்லுங்கள். ஹார்டுவேர் கடைச் சரக்கு என்று சிரிப்பார்கள், ஆனால் வேலை செய்கிறது.

பின்சக்கர அச்சு உட்காரும் காதுகளை மறந்துவிடாதீர்கள். சக்கரத்தைக் கழற்றி, காதின் இரண்டு முகத்தையும் துடைத்து, லேசாக கிரீஸ் தொட்டு, கையால் மடக்கி இறுக்கும் குயிக் ரிலீஸையோ நட்டையோ நன்றாக இறுக்குங்கள். கிரானைட் குவாரி லாரிகள் ஓடும் சாலையில் ஓட்டினால் இங்கே படியும் பொடி உப்புத்தாள் மாதிரி இருக்கும். கியர் தொங்கும் காதைத் தனியாக ஒரு சின்ன போல்ட் பிடித்திருந்தால் அதையும் ஒரு திருப்பு பாருங்கள்.

சக்கரம்தான் என்று எண்ணிக்கை சொன்னால் அதிகம் யோசிக்கவேண்டாம். கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து விரலால் அழுத்திப் பாருங்கள், தொளதொளவென்று இருப்பது தெரிந்துவிடும். ஒன்றையொன்று தாண்டும் இடங்களில் ஒரு துளி எண்ணெய். ரிம்மிலும் டிஸ்க்கிலும் படக்கூடாது. கம்பி தளர்ந்திருந்தால் கோட்டம் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் படித்துவிட்டு, வீட்டில் நிற்கும் அப்பாவின் கறுப்பு சைக்கிளும் ‘டொக் டொக்’ என்கிறதே என்று கேட்பவர்களுக்காக ஒன்று. அதில் கிராங்கை அச்சோடு பிடிப்பது காட்டர் பின், ஒருபக்கம் சரிவாகச் சீவிய ஆப்பு. ‘டொக்’ வந்ததும் எல்லாரும் அதன் நட்டைத்தான் திருகுகிறார்கள். நட்டு ஆப்பை உள்ளே இழுக்காது. ஏறிய ஆப்பு விழாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. ஆப்பைச் சுத்தியலால் அடித்து ஏற்றி, அதன்பிறகு நட்டை இறுக்கவேண்டும். அடிக்கும்போது கிராங்குக்கு அடியில் ஓர் இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்த அடி முழுவதும் பால்ரஸ் குண்டுகளில் இறங்கிக் கப்பில் குழி விழும். மாமா கடையில் அதற்கென்றே ஒரு துண்டுக் குழாய் இருந்தது, வேறு எதற்கும் யாரும் தொடக்கூடாது. புது காட்டர் போட்டால் ஒரு நாள் ஓட்டிவிட்டு வந்து இன்னொரு அடி வாங்கிக்கொள்ளவேண்டும். வாடகைக்கு எடுத்தவர்கள் யாரும் அதற்காகத் திரும்பி வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

இனி, கோளாறே அல்லாத சத்தங்கள். ஒரு கோடையில் என் சைக்கிளில் மிதிக்கு ஒரு ‘டிக்’. வலதுகால் ஒரே நிலைக்கு வரும்போது மட்டும், துல்லியமாக, கடிகாரம் மாதிரி. பெடலைக் கழற்றினேன், கிராங்கைக் கழற்றினேன், செயின்வீல் போல்ட் எல்லாம் கழற்றி மாட்டினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கடைசியில், முன் கியர் கேபிளின் வால் ஒரு விரல்கடை நீட்டிக்கொண்டிருந்து ஒவ்வொரு சுற்றிலும் கிராங்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. விரலால் மடக்கிவிட்டேன். அதிலிருந்து எதையும் கழற்றும்முன் ஷூ கயிற்றின் நுனி, தண்ணீர் பாட்டில் கூடு, ஸ்டாண்டு, பூட்டு, சட்டைப்பையில் சாவி எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறேன்.

ஒரே ஒரு வகைச் சத்தத்துக்கு மட்டும் இந்த நிதானம் கூடாது. ஹேண்டில், அதைத் தாங்கும் ஸ்டெம், முன்சக்கரத்தைக் கவ்வும் ஃபோர்க் பக்கமிருந்து ‘டக்’ வந்தால் அன்றைக்கு ஏற்றமும் வேண்டாம், இறக்கம் நிச்சயம் வேண்டாம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், ஹேண்டில் கழுத்தில் விரலை வைத்தால் ஆட்டம் தெரியும். குழாய்கள் ஒட்டும் இடங்களில் பெயிண்ட் முடி மாதிரி கோடாக வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்குகிற வளைவுகளில் விரிசல் விட்ட ஃபிரேமோடு போனவர் திரும்பி ஏறி வர சைக்கிள் இருக்காது.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. சத்தம் வந்ததும் எல்லா இடுக்கிலும் ஸ்ப்ரே அடிக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். துரு நீக்கும் ஸ்ப்ரே உள்ளே இருக்கிற நல்ல கிரீஸையும் கரைத்துக்கொண்டு வெளியே வரும். இரண்டு நாள் அமைதி, அப்புறம் முன்பைவிட மோசம். அதைவிட முக்கியமாக, எங்கே அடித்ததால் நின்றது என்று தெரியாமல் போய்விடும். தேங்காய் எண்ணெய் செயினுக்கு வேண்டாம், பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும். செயின் எண்ணெய் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு, பத்து நிமிடம் கழித்து வெளியில் இருப்பதைத் துணியால் முழுக்கத் துடைத்துவிடவேண்டும்.

ஆகவே, இந்த ஞாயிற்றுக்கிழமை பில்லரை மட்டும் செய்யுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள். திங்கள் காலை அதே ராயக்கோட்டை ஏற்றம், அதே கியர். நிற்கவில்லை என்றால் அடுத்து பெடல் மரை, அதற்கடுத்து பின்சக்கரக் காது, கடைசியாக பி.பி. மரை, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். நாலும் முடிந்தும் ‘டக்’ விடவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள், ஆனால் எண்ணிவிட்டு எழுதுங்கள்: மிதிக்கு எத்தனை, எந்தக் கால், உட்கார்ந்தா எழுந்தா, எந்தக் கியரில்.